ஆறு எட்டானால் அவ்வளவுதான்

1982 ஏப்ரலில் பிரிட்டனில் சிங்ளேர் நிறுவனத்தின் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினி அறிமுகமானது. 16 கிலோபைட் நினைவகம் கொண்டதன் விலை 125 பவுண்டு. வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைத்து மின்சாரம் கொடுத்தால், திரையின் அடியில் பதிப்புரிமை வரி ஒன்று மட்டும் தெரியும். சொடுக்குவதற்கு ஐகான் இல்லை, உதவிப் பட்டியல் இல்லை, கேட்டுத் தெரிந்துகொள்ள இணையமும் இல்லை. அடுத்து என்ன செய்வது என்பது, அதே பெட்டிக்குள் வந்த சுருள்கம்பி கோத்த கையேட்டில்தான் இருந்தது.

அந்தக் கையேட்டை எழுதியவர் ஸ்டீவன் விக்கர்ஸ். கணினியை அணைத்தாலும் அழியாத ரோம் சில்லில் இருந்த மென்பொருளின் பெரும்பகுதியை எழுதியவரும் அவரே. எந்தத் தகவலை எந்த நினைவக முகவரியில் வைத்தோம் என்பதை வேறு யாரிடமும் கேட்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. அதனால்தான் அந்தப் புத்தகம் இன்றும் படிக்கப் படிக்கத் துல்லியமாக இருக்கிறது. பீப் என்ற ஒலிக் கட்டளையைக் கற்பிக்க இசையமைப்பாளர் மாலரின் முதல் சிம்பொனியிலிருந்து ஒரு பகுதியை எடுத்துக்கொண்டிருப்பார். பத்து வயதுப் பிள்ளைகளும் படிக்கப்போகும் புத்தகம் என்று தெரிந்தும் தரத்தைக் குறைக்கவில்லை.

பின்பக்கங்களில் ஒரு பட்டியல் உண்டு. 23609 என்ற முகவரிக்கு நேராக, விசையை அழுத்தும்போது எழும் ஒலியின் நீளம் இங்கே இருக்கிறது என்று ஒரு வரி. அந்த முகவரியில் 100-ஐ இடும் ‘போக் 23609, 100’ என்ற கட்டளையைத் தட்டச்சு செய்தால், அதுவரை மெல்லிய ‘டிக்’ ஆக இருந்த ஒலி நீண்டு ‘பீப்’ ஆகிவிடும். 23672-இல் தொடங்கும் மூன்று பைட்டுகள், கணினியை இயக்கியதிலிருந்து நொடிக்கு 50 முறை தம்மைத்தாமே கூட்டிக்கொண்டே போகும். அதை வைத்துக் கடிகாரம் அமைப்பது எப்படி என்றும் கையேடு சொல்லும். இந்த எண்கள் கணினியின் உடம்பில் எங்கேயும் எழுதப்பட்டிருக்கவில்லை. கையேடு இல்லாதவருக்கு, ரோம் சில்லின் பதினாறாயிரம் சொச்சம் பைட்டுகளையும் பிரித்துப் படித்துத்தான் இவை தெரியவரும்.

ஸ்பெக்ட்ரத்துக்கு நான்கு மாதங்களுக்கு முன்பு, 1981 டிசம்பரில், கேம்பிரிட்ஜின் ஏகார்ன் நிறுவனம் பிபிசி மைக்ரோவை வெளியிட்டிருந்தது. பிபிசி தொலைக்காட்சி நடத்திய கணினிக் கல்வித் திட்டத்துக்காக உருவான கருவி அது. ஜான் கோல் எழுதிய அதன் பயனர் கையேடு சுமார் 500 பக்கம். முதலில் வாங்கியவர்களுக்கு இது தயாராகியிருக்கவில்லை. தற்காலிகக் கையேடு ஒன்றுதான் கிடைத்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு ஒரு கணினி எப்படி முழுமையடைந்தது என்பதே தெரியவரும். ‘புதுசு வந்தாச்சே, பழசு எதற்கு’ என்று தற்காலிகக் கையேட்டைத் தூக்கிப் போட்டவர்களே அதிகம் இருந்திருப்பார்கள். சேகரிப்பவர்கள் இன்று அதைத் தேடி அலைவதன் காரணம் இதுதான்.

இதையெல்லாம் காப்பாற்றி என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு முதல் பதில், ரிப்பேர். பிபிசி மைக்ரோவின் மின்வழங்கியில் இருக்கும் காகித வகை மின்தேக்கி நாற்பது ஆண்டுகளில் வெடிப்பு விட்டு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அந்த நிலையில் மின்சாரம் கொடுத்தால் புகை கக்கும். எதை எடுத்துவிட்டு எதைப் பொருத்துவது என்பதைச் சர்வீஸ் கையேடும் சுற்று வரைபடமும் சொல்லும். இரண்டாவது, எமுலேட்டர். பழைய கணினியை இன்றைய கணினிக்குள் மென்பொருளாக உயிர்ப்பிக்கிறவர்கள், அதன் சில்லு எந்தக் கட்டளைக்கு எப்படி நடந்துகொள்ளும் என்று அறிவதை ஆவணங்களிலிருந்தே தொடங்குகிறார்கள். அன்றைய விளையாட்டுகள் இன்று உலாவியில் ஓடுவதற்குப் பின்னால் இந்தக் கையேடுகளும் இருக்கின்றன.

காகிதத்துக்கு ஆயுள் குறைவு. மலிவான மரக்கூழ்த் தாளில் உள்ள லிக்னின் வெளிச்சமும் காற்றும் பட்டுப் பழுப்பேறும். தாளில் மிஞ்சிய அமிலம் இழைகளை அறுத்து நொறுங்கவைக்கும். சூடான பசை வைத்து ஒட்டிய முதுகுகள் காய்ந்து, விரித்த இடத்தில் பிளந்து, பக்கங்கள் உதிரும். பாதுகாப்புக்கென்று பிவிசி உறைக்குள் போட்டு வைத்தால், உறையிலிருந்து கசியும் நெகிழ்விப்பான் அச்சு மையோடு ஒட்டிக்கொள்ளும். நம் ஊர் ஈரத்தில் ஸ்டேப்ளர் ஊசி துருப்பிடிக்கும். ராமபாணப் பூச்சியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அதனால் எல்லோரும் ஸ்கேன் எடுக்கிறார்கள். என் கவலை தொடங்குவதும் அங்கேதான்.

2013 ஆகஸ்டில் ஜெர்மானியக் கணினி அறிவியலாளர் டேவிட் க்ரீசல் ஒரு விசித்திரத்தை வெளியிட்டார். கட்டட வரைபடம் ஒன்றை ஜெராக்ஸ் ஒர்க்சென்டர் எந்திரத்தில் ஸ்கேன் செய்தபோது அறைகளின் பரப்பளவே மாறியிருந்தது. 21.11 சதுர மீட்டர் என்று இருக்கவேண்டிய இடத்தில் 14.13 என்று வந்தது. எழுத்து மங்கவில்லை, கலங்கவில்லை. பளிச்சென்று, தவறாக இருந்தது. வேறு தாள்களில் 6 இருந்த இடத்தில் 8 வந்தது.

காரணம், ஜேபிக்2 என்ற சுருக்கமுறை. அது பக்கத்தைச் சின்னச் சின்ன எழுத்துருவங்களாக வெட்டும். ஒன்றுபோலத் தெரியும் உருவங்களில் ஒன்றை மட்டும் சேமித்து, மற்ற இடங்களிலெல்லாம் அதையே பதிக்கும். இதனால் கோப்பின் அளவு வெகுவாகக் குறையும். ‘ஒன்றுபோல’ என்பதற்கான எல்லை கொஞ்சம் தளர்ந்தாலும் ஆறும் எட்டும் உறவாகிவிடும். பின்னர் ஜெராக்ஸ் திருத்தம் வெளியிட்டது. ஆனால் அதற்கு முன்பே அந்த எந்திரங்களில் எடுத்த படிகளைத் திருத்துவது யார்?

கதை நூலில் ஓர் எழுத்து பிசகினால் வாசகரே சரிசெய்துகொள்வார். கணினிக் கையேட்டில் அது நடக்காது. 23609 என்பது 23809 ஆகிவிட்டால், வேறேதோ நினைவக அறையில் 100 போய் விழும். ஒலியும் மாறாது, காரணமும் புரியாது. எந்திரமொழிப் பட்டியல் என்றால் இன்னும் மோசம். அங்கே எண்கள் பதினாறை அடியாகக் கொண்ட முறையில், ஆங்கிலத்தின் ஏ முதல் எஃப் வரையான எழுத்துகளோடு கலந்து வரும். எட்டும் ‘பி’யும், பூஜ்யமும் ‘டி’யும் மங்கிய அச்சில் இரட்டைப் பிள்ளைகள். ஒன்று மாறினாலும் கணினி உறைந்து நிற்கும். சிவப்புப் புத்தகம் என்று ரசிகர்கள் அழைக்கும், 1978 ஜனவரியில் வந்த ஆப்பிள்-2 கையேட்டில், நினைவகத்தை நேரடியாகக் கையாளும் மானிட்டர் நிரலின் முழுப் பட்டியலே அச்சாகியிருக்கிறது. அப்படிப்பட்ட பக்கங்களின் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் ஓசிஆர் மென்பொருள் கொடுத்த எழுத்தை நம்பவே கூடாது. தேடுவதற்கு அது போதும், தட்டச்சு செய்வதற்குப் பக்கத்தின் படம்தான் வேண்டும்.

ஆகவே இழப்பில்லாச் சுருக்கம், அங்குலத்துக்கு 600 புள்ளி, வெறும் கறுப்பு வெள்ளைக்குப் பதிலாகச் சாம்பல் படிநிலை. இவை மூன்றும் சேர்ந்தால் கோப்பு கனக்கும்தான், கனக்கட்டும். சாம்பல் படிநிலையில் எடுத்தால், ஓரத்தில் பழைய உரிமையாளர் பென்சிலால் திருத்தி எழுதியதும் பிழைத்துக்கொள்ளும். அச்சுப்பிழையை அன்றே சோதித்துக் கண்டுபிடித்த சாட்சி அவர். கமடோர் 64-இன் நிரலாளர் கையேட்டுக்குப் பின்னால் மடித்து வைத்த சுற்று வரைபடத்தாள் ஒன்று உண்டு. அவசரத்தில் ஸ்கேன் எடுப்பவர்கள் முதலில் தவறவிடுவது இப்படிப்பட்ட தாள்களையும், உள்ளே செருகிய பிழைத்திருத்தச் சீட்டுகளையும்தான்.

இந்த வேலையை நிறுவனங்கள் மட்டும் செய்துவிடவில்லை. அல் கோசோ நடத்தும், பழைய கணினிக் கையேடுகளின் இணையத் தொகுப்பான பிட்சேவர்ஸ், ஆவணத்தைப் பிழைக்கவைப்பதில் எல்லோருக்கும் முன்மாதிரி. 2015-இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் ஒரு கையேட்டு விற்பனைக் கிடங்கு மூடப்படவிருந்தபோது, கணினி வரலாற்று ஆவணக்காப்பாளர் ஜேசன் ஸ்காட் தன்னார்வலர்களைத் திரட்டி, பெரும்பாலும் மின்னணுக் கருவிகளுக்கான சுமார் 25,000 கையேடுகளைப் பெட்டி கட்டி மீட்டார். இல்லையென்றால் அவை குப்பைக்குத்தான் போயிருக்கும்.

பதிப்புரிமைதான் இன்னும் இடறுகிறது. பிரிட்டனில் அது எழுதியவரின் ஆயுளுக்குப் பின்னும் 70 ஆண்டு நீளும்; கணினியை விற்ற நிறுவனம் பலமுறை கைமாறியிருக்கும். 1986-இல் சிங்ளேரின் கணினித் தொழிலை வாங்கிய ஆம்ஸ்ட்ராட், எமுலேட்டர்களோடு ஸ்பெக்ட்ரம் ரோமைப் பகிர்ந்துகொள்ளப் பிற்பாடு அனுமதித்தது. எல்லா உரிமையாளரும் அப்படி முன்வரவேண்டும் என்று உரக்கக் கேட்கலாம்; விற்பனைக்கே இல்லாத புத்தகத்தை முடக்கிவைப்பதால் யாருக்கும் காசு வரப்போவதில்லை.

இந்தியாவுக்கும் இதில் பங்கு உண்டு. 1984-இல் மத்திய அரசு தொடங்கிய கிளாஸ் என்ற பள்ளிக் கணினித் திட்டத்துக்குத் தேர்வான கருவி பிபிசி மைக்ரோதான். மொஹாலியின் செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் நிறுவனம் அதை யூனிகார்ன் என்ற பெயரில் இங்கேயே தயாரித்தது. அந்தக் காலத்தில் கணினி நடத்திய ஆசிரியர்கள் பலர் இப்போது ஓய்வில் இருப்பார்கள். பள்ளி ஆய்வகத்தின் பழைய அலமாரியிலோ வீட்டுப் பரணிலோ சுருள்கம்பிப் புத்தகம் ஏதாவது தட்டுப்பட்டால், எடைக்குப் போடும் முன் தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைப் பாருங்கள். எத்தனையாவது அச்சு, எந்த மாதம் என்று இருக்கும். முதலில் அந்தப் பக்கத்தையும் உள்ளே செருகிய சீட்டுகளையும் கைபேசியில் படமெடுங்கள். முதுகை வெட்டவேண்டாம், கம்பிச் சுருள் என்றால் பக்கங்களைக் கழற்றி மறுபடி கோக்கலாம். ஸ்கேன் முடிந்த பிறகும் மூலத்தை வைத்திருங்கள். எண் ஒன்று சந்தேகமாகத் தெரியும்போது திறந்து பார்க்க அது வேண்டும்.