இணையப் பனுவல்வழிப் பாத்திரமேற்பில் நல்லாடுநர்: எச்சம், மெய்ப்பாடு, முன்னம் வழி ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

எழுத்தை மட்டுமே கருவியாகக் கொண்டு, இணையத்தில் பலர் கூடிக் கதைமாந்தராக நடிக்கும் ஆட்டம் 1970களின் இறுதியில் தோன்றிய மட் நிரல்களிலிருந்து வளர்ந்தது. இவ்வாட்டத்தில் ஒருவரை நல்லாடுநர் ஆக்குவது அவரது உரைநடை வளம் அன்று, தம் எழுத்தில் எதிராடுநருக்கு அவர் விட்டுவைக்கும் இடமே என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. விளக்கத்திற்குத் தொல்காப்பியப் பொருளதிகாரம் கூறும் எச்சம், மெய்ப்பாடு, முன்னம் ஆகிய கருத்துகள் துணைக்கொள்ளப்படுகின்றன. 1993இல் லாம்டாமூ களத்தில் நிகழ்ந்த மீறல் சான்றாக ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பாத்திரமேற்பு, பனுவல்வழி ஆட்டம், எச்சம், மெய்ப்பாடு, முன்னம், லாம்டாமூ

முன்னுரை

1978ஆம் ஆண்டு இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் பயின்ற ராய் ட்ரப்ஷா ‘மட்’ என்னும் நிரலை எழுதத் தொடங்கினார். 1980இல் ரிச்சர்ட் பார்ட்டில் அதனை ஏற்று வளர்த்தார். திரையில் படம் கிடையாது. அறையின் வருணனை, வழிகள், உடனிருப்போர் பெயர்கள் யாவும் சொற்களாகவே தோன்றும். புதையல் தேடுவதும் புள்ளிகள் ஈட்டுவதும் அவ்வாட்டத்தின் நோக்கங்களாக இருந்தமையால், அங்கே யார் சிறந்தவர் என்னும் வினாவுக்கு நிரலே விடையளித்தது.

1989இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஆஸ்ப்னெஸ் உருவாக்கிய ‘டைனிமட்’ இந்நிலையை மாற்றியது. போரும் புள்ளியும் பின்தள்ளப்பட்டு, இடங்களைப் படைப்பதும் உரையாடுவதும் முதன்மை பெற்றன. இதன் வழிவந்த ‘மஷ்’, ‘மூ’ வகைக் களங்களில் பாத்திரமேற்பு தனிக்கலையாகவே வளர்ந்தது. 1974இல் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் மேசையாட்டத்தில் ஐயம் எழுந்தால் தீர்க்க நடுவரும் பகடையும் உண்டு. புதிய களங்கள் பலவற்றில் இவ்விரண்டின் இடத்தையும் ஆடுநரின் இசைவே நிரப்பியது. புள்ளியும் பகடையும் நடுவரும் இல்லாத ஆட்டத்தில் நல்லாடுநர் என்று எவரைச் சொல்வது?

பார்ட்டில் 1996இல் வெளியிட்ட கட்டுரையில் ஆடுநரைச் சாதிப்போர், தேடுவோர், பழகுவோர், தாக்குவோர் என நால்வகையாகப் பகுத்தார். இப்பகுப்பு பெரிதும் மேற்கோள் காட்டப்படுவது. ஆயினும் ஆடுநர் எதை விரும்பி வருகிறார் என்பதையே இது கூறுகிறது. அவருடன் ஆடுவோருக்கு அவர் எத்தகைய துணை என்பதைக் கூறவில்லை. தரம் பற்றிய வினாவுக்கு வேறிடத்தில்தான் விடை தேட வேண்டும்.

ஆட்டத்தின் அலகு

டைனிமட் மரபில் ஒருவர் முக்காற்புள்ளியிட்டு ஒரு தொடரைத் தட்டச்சு செய்தால், நிரல் அதன்முன் அவருடைய பாத்திரத்தின் பெயரைச் சேர்த்து அறையில் உள்ள அனைவருக்கும் காட்டும். இது ‘போஸ்’ எனப்பட்டது. ஆங்கிலக் களங்களில் படர்க்கை நிகழ்கால நடை வேரூன்றியதற்கு இக்கட்டளையின் அமைப்பே பெருங்காரணம். பின்னாளில் ஒரே போஸில் செயலும் பேச்சும் சூழலும் கலந்த பத்திகள் எழுதப்பட்டன. ஒருவர் எழுதி முடித்தபின் அடுத்தவர் எழுதுவார். இவ்வாறு மாறிமாறி எழுதப்படும் ஒவ்வொரு பகுதியையும் இங்கு ‘முறை’ என வழங்கலாம்.

ஒரு முறை, கதையைச் சொல்லும் கூற்றாக இருக்கும்போதே கதைக்குள் நிகழும் செயலாகவும் இருக்கிறது. ‘கதவைத் திறக்கிறான்’ என எழுதப்பட்ட அக்கணமே கதவு திறந்துவிடுகிறது. அதற்கு வேறு சான்று இல்லை. நாவலாசிரியனுக்கும் இவ்வாற்றல் உண்டு. ஆனால் அவன் படைத்த உலகில் வேறெவரும் எழுதுவதில்லை. இங்கு ஒவ்வொரு பாத்திரத்திற்கும் தனித்தனி ஆசிரியர் உளர். ஒருவரது சொல் மற்றொருவரது பாத்திரத்தைத் தொடும் இடத்தில்தான் இக்கலையின் சிக்கல் தொடங்குகிறது.

எச்சம்

துறைமுக விடுதி ஒன்றில் மீகாமனும் வணிகனும் சந்திக்கும் காட்சியை எடுத்துக்கொள்ளலாம். மீகாமனின் ஆடுநர் இவ்வாறு எழுதுகிறார்: “மீகாமன் வாளை உருவி வணிகனின் தோளை வெட்டுகிறான். வணிகன் அலறியபடி தரையில் விழுகிறான்.” நடையில் குறையில்லை. எனினும் வணிகனின் ஆடுநருக்கு எழுத எதுவும் மிஞ்சவில்லை. அவருடைய பாத்திரத்தின் உடலும் குரலும் பறிக்கப்பட்டுவிட்டன. ஆடுநர் வழக்கில் இக்குற்றம் ‘காட்மோடிங்’ எனப்படும். “மீகாமன் வாளை உருவி வணிகனின் தோளைக் குறிவைத்து வீசுகிறான்” என நிறுத்தியிருந்தால், வெட்டுப்பட்டதா, விலகினானா, மேசையைக் கவிழ்த்துத் தடுத்தானா என்பது வணிகனுக்குரியவரின் முடிவாகியிருக்கும்.

இடம் விடுதல் என்றால் எதுவும் செய்யாதிருத்தல் என்று கொள்வோரும் உளர். “மீகாமன் சாளரத்தருகே நின்று மழையைப் பார்க்கிறான். பழைய நினைவுகள் அவனை வாட்டுகின்றன.” இம்முறை எவர் உரிமையையும் மீறவில்லை. ஆனால் வணிகன் இதற்கு என்ன செய்வான்? காட்சியை நகர்த்தும் சுமை முழுவதும் அவன்மேல் விழுகிறது. அனுபவம் மிக்க ஆடுநர் முதற்குற்றத்தைக் காட்டிலும் இதனால்தான் மிகுதியும் சலிப்படைகின்றனர். முதற்குற்றத்தைச் சுட்டித் திருத்தலாம். இரண்டாவது குற்றமாகவே தோன்றாது.

மூன்றாவது வகை: “மீகாமன் முத்திரையிட்ட மடல் ஒன்றை மேசைமேல் வைக்கிறான். வைத்த கையை எடுக்கவில்லை.” முன்னதைவிடச் சொற்கள் குறைவு. ஆயினும் முத்திரை யாருடையது என வணிகன் நோக்கலாம், விலை கேட்கலாம், அந்தக் கைமேல் தன் கையை வைக்கலாம், மடலைக் காணாததுபோல் மது ஊற்றச் சொல்லலாம். எதைச் செய்தாலும் கதை நகரும். எதைச் செய்வான் என்பது மீகாமனின் ஆடுநருக்கும் தெரியாது.

தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் உறுப்புகளுள் எச்சம் ஒன்று. கூற்றில் முற்றுப்பெறாது நின்று, பின்வரும் சொல்லாலோ குறிப்பாலோ நிறைவு பெறுவது அது. மடல் மேசைமேல் வைக்கப்பட்ட முறை இவ்வகையில் எச்சமுடையது. வாள்வெட்டு முறையில் எச்சமே இல்லை. மழை முறையில் எச்சம் உண்டெனினும் அதனைப் பற்றிக்கொள்ளும் கொழுகொம்பு இல்லை. இவ்வொப்பீட்டுக்கு எல்லை உண்டு. செய்யுளில் எச்சத்தை விடுபவர் புலவர். அதனை நிறைவு செய்பவர் கேட்போர், அதுவும் தம் உள்ளத்தில். பாத்திரமேற்பில் நிறைவு செய்பவரும் எழுதுநரே. அவர் நிறைவு செய்தது திரும்பி வந்து முதலாமவரைக் கட்டுப்படுத்தும். ஆகவே இங்கு எச்சம் அழகு மட்டுமன்று, ஓர் உரிமைப் பங்கீடு.

முன்னேற்பாடற்ற நாடகப் பயிற்சி குறித்து கீத் ஜான்ஸ்டன் 1979இல் வெளியிட்ட ‘இம்ப்ரோ’ நூலிலும் இதற்கு நெருங்கிய கருத்து உண்டு. உடன்நடிகர் முன்வைப்பதை ‘அளிப்பு’ என்றும், அதனை மறுத்து முடக்குவதைத் ‘தடுப்பு’ என்றும் அவர் கொள்கிறார். மேடையில் முகமும் குரலும் துணைநிற்கும். எழுத்தாட்டத்தில் அளிப்பு சொல்லாக மட்டுமே வருவதால் அதனைக் கண்டுகொள்ளக் கூர்ந்த வாசிப்பு வேண்டும். நல்லாடுநர் முதலில் நல்ல வாசகர். எதிராடுநர் மூன்று முறைகளுக்கு முன் போகிறபோக்கில் குறிப்பிட்ட உடைந்த விளக்கை நினைவில் வைத்திருந்து, இருளில் தடுமாறுவதாக எழுதும் ஒருவர் பெறும் மதிப்பை வருணனை வல்லவர் பெறுவதில்லை.

மெய்ப்பாடு

முறையை நீட்டி எழுதுவோரிடம் அகவுணர்வை அப்படியே சொல்லிவிடும் பழக்கம் மிகுதி. ‘வணிகனை மனத்துக்குள் வெறுத்தான்’ என்பதை எதிராடுநர் படிப்பார், எதிர்ப்பாத்திரம் அறியாது. அறியாத ஒன்றுக்கு அது எதிர்வினை ஆற்றவும் இயலாது. பத்து வரி எழுதி எதிராளிக்கு ஒரு வரிகூடக் கொடாத முறைகள் இப்படித்தான் பிறக்கின்றன.

உள்ளத்தின் உணர்வு பிறர் காணுமாறு உடல்வழிப் புலப்படுவதை மெய்ப்பாடு என்னும் தமிழ் மரபு இங்குச் செயல்முறை விதியாகவே பயன்படுகிறது. வெறுப்பைச் சொல்லாமல், நீட்டிய கோப்பையை வாங்காது விட்டதாக எழுதினால் வணிகனும் அதனைக் காண்பான். நகையும் வெகுளியும் அச்சமும் இவ்வாறு பிறர் காணும் அடையாளமாக மாற்றப்பட்டால்தான் ஆட்டத்துள் நுழையும். அகவுணர்வை எழுதவே கூடாது என்பதில்லை. அஞ்சல்போல் நிதானமாக, நாள்கணக்கில் நடக்கும் ஆட்டங்களில் எதிராடுநர் அதனை விரும்பிப் படிப்பதும் உண்டு. அதுமட்டுமே முறையாக நிற்பதுதான் குறை.

முன்னம்

இவ்விடத்தில் இப்பேச்சு இன்னார் இன்னாரிடம் கூறுவதற்கு உரியது என உணர நிற்பதைச் செய்யுளியல் முன்னம் என்கிறது. பாத்திரமேற்பில் இதற்கு நேர்மாறான குற்றம் ‘மெட்டாகேமிங்’: ஆடுநர் அறிந்ததைப் பாத்திரம் அறிந்ததுபோல் நடந்துகொள்வது. மடலில் நஞ்சு தடவப்பட்டிருப்பது முந்தைய காட்சியில் எழுதப்பட்டிருக்கலாம்; அங்கிராத வணிகன் திடீரெனக் கையுறை அணிந்தால் ஆட்டம் குலைகிறது.

சமூகவியலாளர் கேரி ஆலன் ஃபைன் மேசைவழிப் பாத்திரமேற்பை ஆராய்ந்து 1983இல் வெளியிட்ட ‘ஷேர்ட் ஃபேண்டசி’ நூலில், கோஃப்மனின் சட்டகக் கோட்பாட்டைத் தழுவி, ஆள், ஆடுநர், பாத்திரம் என மூன்று தளங்களைப் பிரிக்கிறார். மூன்றும் ஒரே உடலில் இருப்பதால் அறிவு கசியும். நல்லாடுநர் நஞ்சை அறிந்தும் பாத்திரத்தின் வெறுங்கையை மடலை நோக்கி நீட்டுகிறார். கேடு வருவதை அறிந்தே அதற்குள் செல்லும் இத்துணிவுதான் தேர்ந்த ஆடுநரைப் புதியவரிடமிருந்து விரைவில் பிரித்துக் காட்டுவது.

தோல்வியை ஏற்கும் மனமும் இதனோடு சேர்ந்தது. பகடை இல்லாத களத்தில் எவரையும் தோற்கடிக்க வழியில்லை. தோற்க இசைந்தவரே தோற்கிறார். 1973இல் பாலா ஸ்மித் ‘ஸ்டார் ட்ரெக்’ விசிறிக் கதைகளைப் பகடி செய்து படைத்த ‘மேரி சூ’, எல்லாத் திறமும் கொண்டு எவராலும் வெல்ல இயலாத பாத்திரத்திற்குப் பொதுப்பெயர் ஆனாள். விசிறிக் கதையில் அத்தகையவளைச் சந்திக்கும் வாசகர் பக்கத்தை மூடிவிடலாம். ஆட்டத்திலோ எதிரே அமர்ந்தவர் அவளுக்கு ஈடுகொடுத்து எழுதியாக வேண்டும்.

லாம்டாமூ, 1993

இதுவரை கூறியவை சுவை பற்றிய விதிகளாகத் தோன்றலாம். அவை அதனினும் ஆழமானவை என்பதற்கு லாம்டாமூ நிகழ்வு சான்று. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் பேவல் கர்ட்டிஸ் நடத்திய அக்களம் பெரிய மாளிகை ஒன்றைப் போல அமைந்தது. 1993 மார்ச்சில் மிஸ்டர் பங்கில் என்னும் பாத்திரம் அதன் வரவேற்பறையில் ‘பொம்மை’ நிரல் ஒன்றை இயக்கியது. பிற பாத்திரங்கள் செய்ததாக, அவற்றின் உரிமையாளர் எழுதாத தொடர்களை அறையில் காட்ட வல்லது அந்நிரல். அதன்வழிப் பலர்மேல் பாலியல் வன்செயல்கள் எழுதப்பட்டன. அவர்களே தம்மை இழிவுசெய்துகொள்வதாகவும் எழுதப்பட்டது. இந்நிகழ்வை ஜூலியன் டிபெல் அவ்வாண்டு டிசம்பரில் ‘வில்லேஜ் வாய்ஸ்’ இதழில் விரிவாக எழுதினார். பாதிக்கப்பட்ட ஒருவர் அதைப் பற்றிக் களத்தில் எழுதியபோது உண்மையாகவே அழுததை அவர் பதிவுசெய்கிறார்.

தொழில்நுட்ப நோக்கில் அங்கு நிகழ்ந்தது, வாள்வெட்டு முறையில் கண்ட அதே செயல்: பிறர் பாத்திரத்தின் உடலை அவர் இசைவின்றி எழுதுதல். அளவும் கொடுமையும் வேறு, வடிவம் ஒன்று. விடுதிக் காட்சியில் அது ஆட்டத்தைக் கெடுக்கும் அநாகரிகம். லாம்டாமூவில் அது மூன்று தளங்களையும் ஊடறுத்து ஆளையே தாக்கியது. முன்பே ஆடுநரின் சமூகப் பூசல்களில் தலையிடுவதில்லை என விலகியிருந்த மேலாளர்களுள் ஒருவர், நீண்ட விவாதத்திற்குப் பின் எவருடைய ஆணையும் இன்றி அப்பாத்திரத்தை அழித்தார். பின்னர் கர்ட்டிஸ் மனு, வாக்கெடுப்பு ஆகியவற்றைக் கொண்ட முறையை அமைத்தார்.

எனவே இசைவு கேட்டல் நல்லாடுநரின் திறன்களுள் முதன்மையானது. பாத்திரத்திலிருந்து வெளியே வந்து பேசுவதைப் பல களங்களில் இரட்டை அடைப்புக்குறிக்குள் எழுதுவர். ‘இக்காட்சி இவ்வழியே செல்லலாமா?’ என்று அங்கு ஒரு வரி கேட்பதால் கதையின் மயக்கம் கலையும் எனச் சிலர் தயங்குவர். தயக்கம் நியாயமே, ஆயினும் கலைந்த மயக்கத்தை அடுத்த முறையிலேயே மீட்டுவிடலாம். பாத்திரத்தின் சினத்தை ஆடுநரின் சினமாகக் கொண்டுவிட்ட எதிராளியை அறிந்து ஆட்டத்தை நிறுத்துவதும் இதன் பாற்படும்.

லாம்டாமூவில் ஒருவரது சொற்களைத் தம் திரையில் தோன்றாமல் மறைக்கும் ‘கேக்’ என்னும் கட்டளை அப்போதே இருந்தது. அதனைப் பயன்படுத்தியிருந்தால் போதுமே என்று வாதிட்டோர் உண்டு. கட்டளை இட்டவரின் திரை தூய்மையாகும். அறையில் இருந்த ஏனையோர் அவருடைய பாத்திரம் இழிவுபடுவதைப் படித்துக்கொண்டேதான் இருப்பர். பாத்திரம் உரிமையாளரின் திரையில் வாழ்வதில்லை, அறையில் உள்ளோர் அனைவரது வாசிப்பிலும் வாழ்கிறது.