புஷ்பமாலாவின் தென்னிந்தியப் பெண்கள்

புஷ்பமாலா என். (பிறப்பு: 1956) பெங்களூரைச் சேர்ந்த கலைஞர். பரோடாவில் சிற்பம் பயின்ற இவர், 1990களின் நடுவில் ஒளிப்படத்துக்கு வந்தார். தம் படங்களில் தாமே வேடமிட்டு நிற்பார்.

கிளேர் ஆர்னி என்ற ஒளிப்படக் கலைஞருடன் சேர்ந்து, 2000 முதல் 2004 வரை, தென்னிந்தியப் பெண்களைப் பற்றிய ஒரு படத்தொகுதியை உருவாக்கினார். புதுமுகங்கள் எவரும் அதில் இல்லை. இரவிவர்மா 1889இல் வரைந்த நிலவொளிப் பெண், நம் வீட்டுச் சுவரில் தொங்கும் இலட்சுமி, வேளாங்கண்ணி மாதா, தமிழ்த் திரைப்படத்தில் சாட்டை ஏந்திய நாயகி என எல்லாம் நாம் பார்த்துப் பழகிய உருவங்களே. கேமராவை இயக்கியவர் ஆர்னி. ஆனாலும் இவற்றைத் தன்னுருவப் படங்கள் என்றே சொல்லலாம்.

என்னை நிறுத்தியது நீலகிரித் தோடர் பெண்ணின் படம். ஆங்கிலேயர் ஆட்சியில் மக்களை இனவாரியாக அளந்து படமெடுத்தார்கள். 1869இல் ஜான் லாம்ப்ரே என்பவர், இரண்டு அங்குலக் கட்டங்களாக நூல் கட்டிய சட்டத்தின் முன் ஆட்களை நிறுத்தும் முறையை வகுத்தார். அப்படி நிறுத்தப்பட்டவர்களின் பெயரைப் பெரும்பாலும் யாரும் குறித்துவைக்கவில்லை. புஷ்பமாலாவும் கட்டம்போட்ட திரையின் முன்தான் நிற்கிறார். ஆனால் அங்கே நிற்பது என முடிவு செய்தவர் அவரே. படத்தில் அவர் பெயரும் இருக்கிறது.

பின்னர் பாரத மாதா உருவத்தையும் இதே வழியில் எடுத்துக்கொண்டார்.