வயல் சுண்டெலியும் உயிரியல் கடிகாரமும்

இந்திய வயல் சுண்டெலி (மஸ் பூடுகா) என்பது முரிடே குடும்பத்தைச் சேர்ந்த, வயல் வளைகளில் வாழும் சிறிய கொறிணி ஆகும். இது இரவில் இயங்குவது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் உயிரியல் கடிகார ஆய்வுகளுக்கு இவ்வெலி பயன்பட்டது.

பொதுவாகப் பகல், இரவு ஒளி மாற்றமே இக்கடிகாரத்தை நாள்தோறும் சரிசெய்கிறது. ஆனால் வளையின் இருளில் வளரும் குட்டிகள் பொழுதை எவ்வாறு அறிகின்றன? என். விஸ்வநாதனும் எம். கே. சந்திரசேகரனும் இதுபற்றிய ஆய்வை 1985 இல் நேச்சர் இதழில் வெளியிட்டனர்.

ஒளி மாறாத சூழலில், தாய் எலியை 12 மணி நேரம் குட்டிகளுடன் விட்டு, அடுத்த 12 மணி நேரம் பிரித்து வைத்தனர். தாய் உடனிருந்த நேரத்தைக் குட்டிகள் பகலாகக் கொண்டு ஓய்ந்திருந்தன. இல்லாத நேரத்தை இரவாகக் கொண்டு இயங்கின. ஒளி மட்டுமன்றித் தாயின் வரவும் பிரிவும் குட்டிகளின் கடிகாரத்தை நெறிப்படுத்தும் என்பது இதனால் அறியப்பட்டது.