புதிர்ப்பாதை

திகைப்பூண்டை மிதித்தவன் வழி தெரியாது சுற்றி அலைவான் என்பது நாட்டுப்புற நம்பிக்கை. வழி மயங்குதல் எவர்க்கும் அச்சம் தருவதே. ஆயினும், அம்மயக்கத்தையே இன்பமாக்கும் விளையாட்டுகளும் உள. சுவர்களும் சந்துகளும் பின்னிக் கிடந்து, புகுந்தவரைத் திகைக்கச் செய்யும் அமைப்பினைப் புதிர்ப்பாதை என்பர். கணிப்பொறித் திரையில் ஆடும் விளையாட்டுகள் பல இதனை அடிப்படையாகக் கொண்டவை.

அமெரிக்கரான வில் கிரௌதர் என்பார் குகைகளில் நுழைந்து ஆராய்வதில் வேட்கை மிக்கவர். கென்டக்கியிலுள்ள மாமத் குகையை நினைவிற்கொண்டு, 1976ஆம் ஆண்டளவில் அவர் ஒரு விளையாட்டை இயற்றினார். அதில் படம் இல்லை, எல்லாம் எழுத்தே. ஓரிடத்தில் அறைகள் பலவும் ஒரே சொற்களால் வருணிக்கப்பட்டிருக்கும். ஆடுவோர் கையிலுள்ள பொருள்களை அறைக்கு ஒன்றாக இட்டு அடையாளம் செய்து, தாளில் வரைபடம் எழுதிக்கொண்டே வெளியேற வேண்டும். பொறுமைக்கு இது நல்ல சோதனை. விரைந்தோடும் இன்பம் இதில் இல்லை.

அவ்வின்பத்தைப் பெருக்கியது 1980இல் ஜப்பானில் தோன்றிய பேக்-மேன் என்னும் விளையாட்டு. நாம்கோ நிறுவனத்தில் பணியாற்றிய தோரு இவாதானி என்பவர் இதனை வகுத்தார். வாய் பிளந்த மஞ்சள் வட்டம் ஒன்று, 240 சிறு புள்ளிகளையும் 4 பெரும்புள்ளிகளையும் உண்டு தீர்க்க வேண்டும். நான்கு பேய்கள் அதனைத் துரத்தும். பேய் என்பது பெயரளவே. அவற்றின் உருவம் குழந்தைகளும் விரும்பத்தக்கது.

இப்புதிர்ப்பாதை முழுவதும் ஒரே பார்வையில் தெரியும். முட்டுச்சந்து ஒன்றேனும் இல்லை. அங்ஙனமாயின் இடர்ப்பாடு யாது? ஒவ்வொரு முடக்கிலும் எவ்வழி திரும்புவது என நொடிப்பொழுதில் முடிவு செய்தலே இடர்ப்பாடு. புள்ளி உண்ணும்போது வட்டத்தின் நடை சிறிது தளரும். முதற்கட்டத்தில், உண்டு தீர்ந்த வெற்றுவழியில் அது பேய்களை முந்தும். புள்ளி நிறைந்த வழியில் அவை அதனை நெருங்கும். எனவே, உணவிருக்கும் வழியில் இடரும் உண்டு. இடர் குறைந்த வழியில் உணவில்லை.

நான்கு பேய்களும் ஒரே நெறியில் துரத்தினால், வரிசையாகப் பின்னே வருமேயன்றி ஆட்டத்தில் சுவை இராது. ஆதலின், செந்நிறப் பேய் நேரே பின்தொடரும். இளஞ்சிவப்புப் பேய் வட்டத்திற்கு முன்னுள்ள இடத்தைக் குறிவைத்து வழிமறிக்கும். இளநீலப் பேய் செந்நிறப் பேயின் இருப்பிடத்தையும் கணக்கிட்டு வளைக்கும். செம்மஞ்சள் பேயோ, அருகில் வந்ததும் தன் மூலைக்குத் திரும்பிவிடும். அன்றியும், நான்கும் இடையிடையே சில நொடிகள் துரத்தலை விட்டுத் தத்தம் மூலையை நாடும். முடக்குகளில் வட்டம் பேய்களினும் விரைந்து திரும்பும். பக்கச் சுரங்கவழியில் பேய்களின் வேகம் குன்றும். இவற்றை அறிந்தவனுக்குச் சுவர்களே காவலாகும். அறியாதவனுக்கு அவையே சிறையாகும்.

எல்லாக் கட்டங்களிலும் பாதை ஒன்றே. ஆனால், 255 கட்டங்களைக் கடந்தவர்க்கு ஒரு வியப்பு உண்டு. கட்ட எண்ணைக் காக்கும் நினைவிடம் 255க்கு மேல் கொள்ளாமையால், 256ஆம் கட்டத்தில் கணக்குப் பிழைத்து, திரையின் வலப்பாதி எழுத்தும் குறியுமாகச் சிதைந்துவிடும். அங்கே புள்ளிகள் போதாமையால் அக்கட்டத்தை முடித்தல் இயலாது. அந்தப் புதிர்ப்பாதை எவரும் வகுத்ததன்று.