சட்டம் ஏன் வில்லாகிறது?

படச்சட்டத்தின் நீளக் கட்டை நடுவில் வெளியே பிதுங்கினால் ஆணியைக் குறைசொல்வார்கள். பெரும்பாலும் காரணம் மரத்துக்குள்ளேயே இருக்கிறது. பச்சை மரம் காயும்போது நார்வாக்கில் சுமார் 0.1 சதவீதமே சுருங்கும். அவ்வளவு சொற்பம் எப்படி வளைக்கும்? தண்டின் மையத்தை ஒட்டிய இளமரம், அதாவது மரம் இளசாக இருந்தபோது வளர்ந்த பகுதி, நீளவாக்கில் பல மடங்கு அதிகமாகச் சுருங்கும்; அது கட்டையின் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால் அந்தப் பக்கம் குறுகி இழுக்கும். 60 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலக் கட்டையில் இரு ஓரங்களுக்கும் 1 மி.மீ. வித்தியாசம் வந்தாலே நடுவில் ஏறக்குறைய 4 மி.மீ. பிதுங்கும்.

நனைத்து, கிளாம்ப் போட்டு நிமிர்த்தலாமே என்பார்கள். நிமிரும், ஆனால் இளமரம் அங்கேயேதான் இருக்கிறது, மழையும் வெயிலும் மாறும்போது வளைவு திரும்பிவிடும். அதனால் மரத்தை மாற்ற முயல்வதைவிடப் பிடித்து நிறுத்துவதே சரி: எதிரெதிர்க் கட்டைகளை நேராக இழுத்துப் பிடித்து, பின்புறம் நடுவில் குறுக்குச் சட்டம் வைத்து ஸ்குரூ முடுக்க வேண்டும். அதற்கு முன் பின்பலகை இறுக்கமாக நெருக்குகிறதா என்று பாருங்கள். அது அட்டையாக இருந்து ஈரத்தில் ஊதினாலும் கட்டையை வெளியே தள்ளும்.