குறட்டைக்கு நடுவே நின்றுபோகும் மூச்சு

உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மேல் மூச்சுப்பாதை அடைபடும்போது, நெஞ்சு காற்றுக்காகப் போராடிக்கொண்டிருந்தும் 10 நொடியோ அதற்கு மேலோ மூச்சு உள்ளே செல்லாமல் நின்றுவிடுவதையே அடைப்புவகை உறக்க மூச்சுத்தடை என்பர். இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்ததும் மூளை திடுக்கிட்டு உடலை அரைவிழிப்புக்குக் கொண்டுவர, பெருத்த ஒலியுடன் மூச்சு திரும்புகிறது. உறங்குபவரோ நடந்ததை அறியாமலேயே மீண்டும் கண்ணயர்ந்துவிடுகிறார். மூச்சு முழுதாக நிற்பதும் ஓரளவு குறைவதும் சேர்ந்து மணிக்கு 5 முறையைத் தாண்டினால் நோய்க்கான அறிகுறி என்றும், 30 முறையை எட்டினால் கடுமையான நிலை என்றும் மருத்துவர்கள் கணக்கிடுகின்றனர்.

மலேசியாவின் கெடா மாநிலத் தமிழரிடையே இந்நோய் கண்ணில் படாமல் போவதற்கு அவர்களுடைய உழைப்பின் வரலாறே ஒரு காரணம் எனலாம். சுங்கை பட்டாணி, பீடோங், பாடாங் செராய், கூலிம் வட்டார ரப்பர் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்கு எழுந்து பால்மரம் வெட்டிய தலைமுறைக்குப் பகலில் கண்கள் சொருகுவது இயல்பாகவே தோன்றியது. தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபின், 1996இல் தொடங்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா போன்ற இடங்களில் இரவு ஷிஃப்ட் பார்ப்போருக்கும், வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் லாரி ஓட்டுவோருக்கும் அதே விளக்கம் கைகொடுத்தது. வேலை அசதி என்ற விடை எப்போதும் தயாராக இருந்ததால், வேறு விடையை எவரும் தேடவில்லை. உறக்கக் குறைவால் வரும் களைப்பு விடுமுறை நாட்களில் நன்கு உறங்கினால் பெரும்பாலும் தணியும். எட்டு மணி நேரம் படுத்தெழுந்தும் தலைபாரம், வறண்ட வாய், தெளியாத சோர்வு ஆகியவை நாள்தோறும் தொடருமானால் வேலையை மட்டும் குறைசொல்வது தவறு.

நோயாளிக்குத் தன் நோயைக் காணும் வாய்ப்பில்லை என்பதால், அருகில் படுத்திருப்பவரே முதல் சாட்சி. உரத்த குறட்டை திடீரென அடங்கிச் சில நொடி அமைதிக்குப்பின் திணறலோடு மீண்டும் எழுவதை ஒரு மனைவி பலமுறை கண்டிருந்தும், அதை ஆழ்ந்த உறக்கம் என்றெண்ணி விட்டுவிடும் வழக்கம் மாறவேண்டும். இரவில் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுவது, மறதி, எரிச்சல் ஆகியவையும் இதன் அறிகுறிகளாக இருக்கலாம். பெண்களிடம், குறிப்பாக மாதவிடாய் நின்றபின், குறட்டையைவிட உறக்கமின்மையும் காலைத் தலைவலியுமே முன்னிற்பதுண்டு. டான்சில் வீங்கிய குழந்தைகள் வாயால் மூச்சுவிட்டு, அமைதியற்று உறங்கி, வகுப்பில் கவனம் சிதறுவர். அவர்களைச் சோம்பேறி என்று திட்டுவது பெரும் அநீதி.

உடற்பருமன், 40 சென்டிமீட்டரைத் தாண்டிய கழுத்துச் சுற்றளவு, 50 வயதைக் கடந்த நிலை, உள்ளடங்கிய தாடை ஆகியவை ஆபத்தைக் கூட்டுகின்றன. 2019ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் பாதிப்பேர் அதிக எடை அல்லது உடற்பருமன் உடையோர்; இந்தியரில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு இனிப்புநீர் எனும் நீரிழிவு இருந்தது. இனிப்புநீரும் உயர் இரத்த அழுத்தமும் இம்மூச்சுத்தடையோடு பெரிதும் இணைந்து வருபவை. மூன்று மருந்து உண்டும் அழுத்தம் குறையாதவரிடம் உறக்கத்தைப் பற்றியும் கேட்டாக வேண்டும். சிகிச்சையின்றி விட்டால் மாரடைப்பு, பக்கவாதம், சீரற்ற இதயத்துடிப்பு ஆகியவற்றின் வாய்ப்பு உயர்வதோடு, வாகனம் ஓட்டுகையில் கண்ணயர்ந்து பிற உயிர்களையும் பறிக்க நேரலாம். தோட்டங்களைச் சீரழித்த சம்சு என்னும் மலிவுச் சாராயம் உள்ளிட்ட எந்த மதுவும், தூக்க மாத்திரைகளும், தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்தி அடைப்பைக் கடுமையாக்குகின்றன.

அரசுச் சுகாதாரக் கிளினிக்கில் அறிகுறிகளைக் கூறினால், அலோர் ஸ்டார் சுல்தானா பாஹியா மருத்துவமனை, சுங்கை பட்டாணி சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனை போன்றவற்றின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் பரிந்துரை பெறலாம். உறங்கும்போது மூச்சு, ஆக்சிஜன் அளவு, இதயத்துடிப்பு ஆகியவற்றைப் பதிவுசெய்யும் சோதனையே நோயை உறுதிப்படுத்தும். 1981இல் ஆஸ்திரேலிய மருத்துவர் கொலின் சல்லிவன் அறிமுகப்படுத்திய, முகமூடி வழியே தொடர்ந்து காற்றழுத்தம் தந்து தொண்டையைத் திறந்து வைக்கும் கருவியே இன்றும் முதன்மையான சிகிச்சை. அதன் விலை சில ஆயிரம் ரிங்கிட் என்பது உழைக்கும் குடும்பத்துக்குச் சுமைதான். எடைக் குறைப்பும், பக்கவாட்டில் படுப்பதும், சிலருக்குத் தாடையை முன்தள்ளும் பற்கருவியும், குழந்தைகளுக்கு டான்சில் அறுவையும் உதவுகின்றன. வீட்டில் ஒருவருடைய மூச்சு உறக்கத்தில் நின்று திரும்புவதைக் காண்பவர், அதைக் கைப்பேசியில் பதிவுசெய்து, அவருடன் தாமும் மருத்துவரிடம் செல்லவேண்டும்.