முதிர்ந்த மோட்டார் வண்டியைப் பேணுதல்

சித்தூரிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் வழியில் உள்ளது காணிப்பாக்கம். புதிதாக மோட்டார் வண்டி வாங்குவோர் முதலில் அதனை அங்குள்ள விநாயகர் சந்நிதிக்கு ஓட்டி வந்து, மாலை சூட்டிப் பூசை செய்வித்த பின்னரே பிற பயணங்களைத் தொடங்குவது இவ்வட்டாரத்தில் வழக்கம். சில மாதங்களுக்கு முன் நாமும் அந்த வரிசையில் நின்றோம். முன்னும் பின்னும் நின்றவை பளபளக்கும் புது வண்டிகள். நம்முடையதோ 1998ஆம் ஆண்டில் செய்யப்பட்ட மாருதி 800. பின்னால் நின்ற இளைஞர் ஒருவர், "இதற்கும் பூசையா?" என்று தெலுங்கில் வினவினார். அவர் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே வியந்துதான் கேட்டார். அந்த வியப்புக்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பர். மோட்டார் வண்டிக்கு இவ்விதி பொருந்தாது. கடையைவிட்டு வெளியே வந்த நாள் முதல் அதன் விலை இறங்கத் தொடங்குகிறது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, இருபது இருபத்தைந்து ஆண்டுகளில் அது பழைய இரும்பின் விலைக்கு வந்து நிற்கும். பெரும்பாலான வண்டிகள் அந்நிலையிலேயே உடைக்கப்பட்டு மறைகின்றன. தப்பிப் பிழைக்கும் சில வண்டிகளே, பிற்காலத்தில் மக்கள் நின்று பார்க்கும் அரும்பொருள்களாகின்றன. ஆகவே ஒரு வண்டியின் வாழ்வில் ஆபத்து மிகுந்த காலம் அதன் இளமையும் அன்று, முதுமையும் அன்று. எவரும் மதியாத அந்த இடைக்காலமே. அக்காலத்தில் அதனைத் தாங்கிக் கொள்பவரைப் பொறுத்தே அதன் பிற்கால வாழ்வு அமைகிறது.

இதற்கு மாருதி 800 வண்டியின் வரலாறே சான்று. 1983ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள், அந்நாளைய பிரதமர் இந்திரா காந்தி டில்லியில் இதன் முதல் வண்டியின் சாவியை ஓர் அன்பரிடம் வழங்கினார். மூன்று சிலிண்டர்களும் 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் உடைய சிறு எஞ்சின். பன்னிரண்டு அங்குலச் சக்கரங்கள். 1986இல் அதன் உருவம் மாற்றியமைக்கப்பட்டது. 2014 ஜனவரியில் உற்பத்தி நிறுத்தப்படுமுன் 25 லட்சத்திற்கும் மேற்பட்ட வண்டிகள் இந்நாட்டில் விற்பனையாயின. ஆசிரியர், குமாஸ்தா, சிறு வியாபாரி முதலியோர் முதன் முதலாகச் சொந்தக் காரில் அமர்ந்தது இதில்தான். அத்தகைய புகழ் வாய்ந்த வண்டியின் முதற்பிரதியே, உரியவர் மறைந்த பின் பல ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் துருவேறிக் கிடந்தது. பின்னரே கம்பெனியார் அதனை எடுத்துச் செப்பனிட்டுக் காட்சிக்கு வைத்தனர். முதல் வண்டிக்கே அந்த நிலை என்றால் மற்றவற்றின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை. எங்கும் காணப்படுவதை எவரும் காப்பாற்றுவதில்லை, 'இன்னொன்று கிடைக்காதா?' என்ற எண்ணமே அதற்குக் காரணம்.

அருமையாகக் கிடைக்கும் வண்டிகளுக்கு வேறொரு துன்பம் உண்டு. சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கத்தில் இருந்த ஸ்டாண்டர்டு தொழிற்சாலையில் 1961 முதல் ஹெரால்டு வண்டிகளும், 1970களில் கெஸல் வண்டிகளும், 1985க்குப் பின் சில ஆண்டுகள் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய வண்டியும் செய்யப்பட்டன. 1985இல் பம்பாயிலிருந்து வந்த பிரீமியர் 118 என்.இ. வண்டிக்கு ஃபியட்டின் உடலும் நிஸ்ஸான் எஞ்சினும் அமைந்திருந்தன. 1984 முதல் 2002 வரை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியார் செய்த கான்டெஸாவும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. இவை யாவும் தகுதிக்கேற்ற மதிப்பைப் பெறாதவை. ஆயினும் ஒரு கண்ணாடி உடைந்தால், அதற்கு இணையான கண்ணாடியைத் தேடி ஊர் ஊராக அலைய வேண்டும். மாருதி 800க்கோ சித்தூரின் எந்தப் பட்டறையிலும் உதிரிப் பாகம் பற்றிய அச்சமில்லை. முதன் முறையாக இத்துறையில் இறங்குவோர் எளிதாகப் பேணத்தக்க வண்டியைத் தேர்வதே அறிவுடைமை.

இனிச் சட்டம் கூறுவதைக் காண்போம். மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நமக்குச் சொல்லின்மேல் கண் செல்வது இயல்பு. 'கிளாசிக்' என்று அன்பர்கள் தாராளமாக வழங்கும் சொல்லுக்கு நம் மோட்டார் விதிகளில் இடமில்லை. 'வின்டேஜ்' என்ற சொல்லுக்கே இடமுண்டு. 2021 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகள் நிறைந்து, மூல உருவம் மாறாத சொந்த உபயோக வண்டியே அப்பெயருக்கு உரியது. அதன் சேசிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் எதுவும் செய்யப்பட்டிருத்தல் கூடாது. மாநிலக் குறியீட்டை அடுத்து 'வி.ஏ.' என்ற எழுத்துகள் கொண்ட தனி எண் வழங்கப்படும். முதற்கட்டணம் 20,000 ரூபாய். 10 ஆண்டுகளுக்குப் பின் புதுப்பிக்க 5,000 ரூபாய். ஜெர்மனியில் 30 ஆண்டுகளிலும், பிரிட்டனில் 40 ஆண்டுகளிலும் பழைய வண்டிகளுக்குச் சலுகைகள் கிட்டுகின்றன. நம் நாட்டில் பொறுமை சற்று அதிகம் வேண்டும்.

இவ்விதியில் மற்றொரு நுட்பமும் உண்டு. வின்டேஜ் எண் பெற்ற வண்டியை அன்றாடப் பயணத்துக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, அணிவகுப்பு, பழுது பார்த்தல், எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கே அது சாலையில் வரலாம். எனவே வண்டியை ஓட்டி மகிழும் காலம் ஐம்பதாண்டுகளுக்கு முந்தைய காலமே என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். நம் வண்டிக்கு ஐம்பது நிறைவது 2048இல்; அப்பொழுது நாமும் எழுபதை எட்டிக் கொண்டிருப்போம்.

அதுவரை செலவு எவ்வளவு? சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் ஐந்தாண்டுக்கொரு முறை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டிப் புதுப்பித்தல் வேண்டும். இதற்கு முன்பு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாயாயிற்று. 20 ஆண்டுகள் கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் அது 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பசுமை வரியும் இன்ஷ்யூரன்ஸும் தனி. நாம் வண்டிக்குக் கொடுத்த விலை 40,000 ரூபாய். முதலாண்டுச் செலவும் ஏறக்குறைய அவ்வளவே. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற பழமொழி இங்கு மிகவும் பொருந்தும். ஆகவே இலாபத்தை எண்ணி இதில் இறங்குவோர் அப்பணத்தை வங்கியில் இட்டு வைத்தலே நலம்.

வாங்கும் இடத்தையும் கருதுதல் வேண்டும். சித்தூர் வட்டாரம் கடலிலிருந்து தொலைவில் உள்ளது. காற்றில் உப்பும் ஈரமும் குறைவு. ஆதலால் இங்கேயே வாழ்ந்த வண்டிகளில், சென்னைக் கடற்காற்றில் நின்றவற்றைக் காட்டிலும் துரு குறைவாகவே இருக்கும். கடும் வெயில் காரணமாக ரப்பர்ப் பட்டைகள் வெடித்தும் சாயம் வெளுத்தும் காணப்படலாம். ஆனால் வெளுத்த சாயம் பெருங்குறையன்று. மாருதி 800 போன்ற வண்டிகளுக்குத் தனிச் சட்டம் கிடையாது. தகட்டு உடலே எலும்புக்கூடுமாகும். ஆகவே உடலில் ஏறும் துரு எலும்பில் ஏறும் துருவே. மிதியடியை நீக்கித் தரையையும், பாட்டரியின் அடிப்பகுதியையும், முன்சக்கர ஷாக் அப்சார்பரின் மேல்முனை பொருந்தும் இடத்தையும் பகல் வெளிச்சத்தில் பார்த்தல் வேண்டும்.

இதில் நமக்கு நேர்ந்த அனுபவம் ஒன்று. வேலூர்ப் பக்கத்தில் ஒரு தரகர் காட்டிய சிவப்பு வண்டி கண்ணைப் பறித்தது. ஏறக்குறைய முன்பணம் கொடுக்கும் நிலையில் இருந்தோம். உடன் வந்த முதிய மெக்கானிக் தம் சட்டைப் பையிலிருந்து சிறு காந்தத்தை எடுத்து வண்டியின் உடலில் ஆங்காங்கே வைத்துப் பார்த்தார். கதவுகளில் ஒட்டிய காந்தம், முன்பக்கத்தில் இரண்டு இடங்களில் ஒட்டாமல் கீழே விழுந்தது. அங்கே இரும்பில்லை, பட்டி பூசி மறைத்திருந்தனர். சில வாரங்களுக்குப் பின் சித்தூரில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரிடம் இப்போதைய வண்டி கிடைத்தது. சாயம் மங்கியிருந்தது. ஆனால் காந்தம் எங்கும் ஒட்டியது. பழுதுபார்த்த ரசீதுகள் யாவும் ஒரு பையில் இருந்தன. பளபளப்பைவிட அந்தப் பையே பெரிதெனக் கொண்டோம்.

தஸ்தாவேஜுகளில் கவனம் மிகவும் தேவை. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் பொறித்த எண்களோடு ஒத்திருக்க வேண்டும். பழைய வங்கிக் கடன் தீர்ந்தும் பதிவிலிருந்து நீக்கப்படாமல் இருத்தல் உண்டு, அதனைக் காண்க. தமிழ்நாட்டு வண்டியை ஆந்திரத்துக்குக் கொணர்ந்து 12 மாதங்களுக்கு மேல் வைத்திருப்பின் மறுபதிவு கட்டாயம். அதற்கு முதற்பதிவு அலுவலகத்தின் ஆட்சேபனையின்மைச் சான்றும், இங்கே செலுத்தும் வரியும் வேண்டும். எல்லை ஓரத்தில் வாழ்வோர் இதனை எளிதாக எண்ணி இடர்ப்படுவதைக் கண்டிருக்கிறோம். எஞ்சினைக் காலையில், குளிர்ந்த நிலையில் முடுக்கச் சொல்லுங்கள். நீலப் புகை தொடர்ந்து வந்தால் அது எண்ணெயைக் குடிக்கிறது என்று பொருள்.

வாங்கிய பின் செய்யத்தகாதது ஒன்று உண்டு. அப்பிழையை நாமே செய்தோம். முதல் மாத உற்சாகத்தில் பழைய இருக்கைத் துணிகளை அகற்றிப் புதிய ரெக்ஸின் உறை தைத்தோம். பழையதைக் குப்பையில் எறிந்தோம். அத்துணியின் இணையை இன்றளவும் தேடி வருகிறோம். கழற்றிய எப்பொருளையும், அது உடைந்ததாயினும், பெயர் எழுதி ஒரு பெட்டியில் வைத்தல் வேண்டும். அகலச் சக்கரம், மாற்று எஞ்சின் முதலிய அலங்காரங்கள் வண்டியின் மூல உருவத்தை அழித்துவிடும்.

வண்டியை நிறுத்தியே வைத்தலும் கேடு. வாரம் ஒரு முறை இருபது கிலோமீட்டர் ஓட்டினால் பாட்டரியும் பிரேக்கும் நலமாயிருக்கும். இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்துள்ளது. அது பழைய ரப்பர்க் குழாய்களை அரிப்பதோடு காற்றின் ஈரத்தையும் ஈர்க்கும். ஆகவே எத்தனாலைத் தாங்கும் குழாய்களை மாற்றிப் பொருத்துவது இன்றியமையாதது. கழிவுக் குழாயை நீங்கள் முகர்வதைவிட எரிபொருள்க் குழாயை முகர்ந்து பார்ப்பதே மேல். டயரின் பக்கவாட்டில் அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் காட்டும் நான்கு இலக்கங்கள் உண்டு. பட்டன் தேயாவிடினும் முதிர்ந்த டயரை மாற்றுக. எலிகள் ஒயர்களைக் கடிக்காவண்ணம் கொட்டகையைத் துப்புரவாக வைத்திருங்கள்.

திருப்பதியைக் குறித்து ஒரு சொல். மலைக்கு முதல் மோட்டார்ப் பாதை திறக்கப்பட்டது 1944இல். இன்று ஏறுவதற்கு ஒன்றும் இறங்குவதற்கு ஒன்றுமாக இரு பாதைகள் உள்ளன. ஏற்றத்தில் எஞ்சின் சூடேறினால் அதன் அலுமினியத் தலைப்பகுதி வளைந்துவிடும். இறக்கத்தில் பிரேக்கையே நம்பினால் அது காய்ந்து பிடிமானம் இழக்கும். பழைய வண்டிகளை மலைக்கு விடுவதில் தேவஸ்தானத்தாரின் கட்டுப்பாடுகளும் உண்டு. முன்னரே கேட்டறிதல் நலம். நாம் வண்டியைக் கீழ்த் திருப்பதியில் நிறுத்திவிட்டுப் பேருந்தில் மலையேறுகிறோம். வயதானவரைப் படியேறச் சொல்லி வற்புறுத்துவதில்லை அல்லவா?

2023 ஏப்ரல் முதல், 15 ஆண்டுகள் கடந்த அரசாங்க வண்டிகளுக்கு மறுபதிவு இல்லையென்றாயிற்று. நம் அலுவலக வாயிலில் நின்றவையும் அவ்வாறே சென்றன. எல்லாவற்றையும் காப்பது இயலாது. புகையும் விபத்தும் குறைய வேண்டுமாயின் பழையன கழிதலும் வேண்டியதே. ஆயினும் ஊருக்குச் சிலவாவது முழுமையாக எஞ்சுதல் வேண்டும். காணிப்பாக்கத்து இளைஞரிடம் நாம் கூறியதும் இதுவே. அவர் சற்று நேரம் யோசித்துவிட்டு, தம் பாட்டனாரின் 800 வண்டி வீட்டுப் பின்புறத்தில் கோணியால் மூடிக் கிடப்பதாகவும், அதனை எடுத்துச் செல்ல வரும் ஞாயிறன்று பழைய இரும்பு வியாபாரி வரவிருப்பதாகவும் கூறினார். முதலில் ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுக்குமாறும், வியாபாரிக்கு ஒரு மாதம் தவணை சொல்லுமாறும் அவரிடம் கேட்டுக் கொண்டோம். நேயர்களுள் எவர் வீட்டிலேனும் அவ்வாறு ஒரு வண்டி இருப்பின், அவர்களிடமும் நாம் வேண்டுவது அதுவே.